மாமாவின் மில் ஓடினால் மாடி விளக்கு ஏன் மங்குகிறது?

சிலாங்கூரில் ஒரு சிறுநகரம். பத்துக் கடைகள் கொண்ட பழைய கடைவீட்டு வரிசை. அதன் ஓரக்கடையில் என் தாய்மாமா 27 ஆண்டுகளாக மாவு மில் நடத்துகிறார். மிளகாய், மல்லி, மஞ்சள், கேழ்வரகு, அரிசி என்று எதைக் கொண்டுபோனாலும் அரைத்துக் கொடுப்பார். சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, அதே வரிசையில் ஏழு கடைக்காரர்கள் கையெழுத்திட்ட புகார் மனு ஒன்று ஊராட்சி மன்றத்துக்குப் போனது. மில்லை அங்கிருந்து அகற்ற வேண்டுமாம். பதில் சொல்ல மாமாவுக்கு 14 நாள் கொடுத்திருந்தார்கள்.

மிளகாய் நெடி காரணமில்லை. சத்தமும் காரணமில்லை. 27 ஆண்டுகளில் அவர்கள் அதற்கெல்லாம் பழகிவிட்டார்கள். புகார், கரண்டைப் பற்றியது. மில் மோட்டார் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வரிசை முழுக்க விளக்குகள் மங்குகின்றன, கணினிகளுக்கு வைத்த யூபிஎஸ் பெட்டிகள் பீப் பீப் என்று கத்துகின்றன, அவற்றின் பேட்டரிகள் சில மாதங்களிலேயே செத்துப்போகின்றன என்று எழுதியிருந்தார்கள்.

முதல் கையெழுத்து பக்கத்துக் கடை அச்சக ஆன்ட்டியுடையது. மாமாவை உண்மையில் உலுக்கியது அதுதான். சீனப் புத்தாண்டு தவறினாலும் அவர் வீட்டு ஆரஞ்சுப் பழம் எங்கள் வீட்டுக்கு வரத் தவறியதில்லை. "அந்தம்மா எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆன்ட்டியிடம் கேட்டால், மூன்று முறை சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார் என்கிறார். இருவரும் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும்.

வானொலியில் அறிவிப்பாளராக இருக்கும் எனக்கு மின்சாரம் பாடமில்லை, படித்தது ஊடகவியல். ஆனால் ஒலிபரப்புக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு மின்சாரத்தின் மீது ஒரு நிரந்தரப் பயம் உண்டு. அரை நொடி கரண்ட் தடுமாறினால் எங்களுக்கு அது அரை நொடியோடு முடிவதில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை காலை, தெரிந்த ஒயர்மேன் அண்ணன் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். மூன்று பேஸ் சான்றிதழ் வைத்திருப்பவர், முப்பது ஆண்டு அனுபவசாலி. பெயர் போட வேண்டாம் என்றார்.

அச்சகத்தில் போய் உட்கார்ந்தோம். அண்ணன் தன் மீட்டரை ஆன்ட்டியின் பிளக்கில் செருகினார். 229 வோல்ட். பத்து நிமிடம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மில் உறுமியது. எண் 220-க்கு இறங்கியது. மூன்று நொடியில் சுவர் வழியே 'டம்' என்று ஒரு அடி. எண் 203. தலைக்கு மேலே விளக்கு ஒடுங்கியது, யூபிஎஸ் கத்தியது, ஆன்ட்டி "லாகி!" என்று கையை விரித்தார். மேலும் மூன்று, நான்கு நொடியில் எல்லாம் பழையபடி.

மலேசியாவில் நம் வீட்டுக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 2008 முதல் 230 வோல்ட். அதற்கு முன் 240. ஏற்ற இறக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு: மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு. அதாவது 216 முதல் 253 வரை. 203 என்பது அந்த எல்லைக்குக் கீழே. வழக்கமான அளவில் 90 விழுக்காட்டுக்குக் கீழே ஒரு கணம் விழுந்து மீண்டும் எழுவதைப் பொறியாளர்கள் 'வோல்டேஜ் டிப்' என்கிறார்கள். தமிழில் மின்னழுத்தச் சரிவு என்று சொல்லலாம். கரண்ட் போகவில்லை. போகாததுதான் தொல்லை. முழுதாகப் போனால் எல்லாரும் ஒன்றாகச் சத்தம் போடுவோம், சரிசெய்ய ஆள் வரும். இப்படிச் சில நொடி குனிந்து நிமிர்ந்தால், பாதிக்கப்பட்டவரைத் தவிர யாரும் நம்புவதில்லை.

நின்ற காரைத் தள்ளுவது போல

மோட்டார் தொடங்கும்போது ஏன் இந்த இழுப்பு? பேட்டரி செத்த புரோட்டோன் சாகாவைத் தள்ளிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நகரத் தொடங்கும் வரை நாலு பேர் வேண்டும். நகர்ந்துவிட்டால் ஒருவர் போதும். மோட்டாரில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான், ஆனால் காரணம் எடை மட்டுமல்ல. மோட்டாருக்குள் வெளிச்சுருள் ஒரு காந்தப் புலத்தை வட்டமாகச் சுழற்றுகிறது. உள்ளே இருக்கும் உருளை அதைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறது. உருளை நின்றிருக்கும்போது, சுழலும் புலம் முழு வேகத்தில் அதை வெட்டிக்கொண்டு போகிறது. அந்த வேக வித்தியாசம்தான் உருளைக்குள் பெரும் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. உருளை வேகம் பிடிக்கப் பிடிக்க வித்தியாசம் குறைகிறது, மின்னோட்டமும் அடங்குகிறது.

நேரடியாகக் கரண்டில் இணைத்துத் தொடங்கினால், இத்தகைய மோட்டார்கள் ஓடும்போது எடுப்பதைப் போல் 5 முதல் 8 மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். மாமாவின் மோட்டார் 30 குதிரைத்திறன். முழுச் சுமையில் ஓடும்போது சுமார் 40 ஆம்பியர். தொடக்கத்தில் ஆறு மடங்கு என்று வைத்துக்கொண்டால் 240. அந்த 240 ஆம்பியரும் வரிசைக் கடைகள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும் அதே கம்பி வழியாகத்தான் வர வேண்டும். கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் தடை உண்டு. மின்னோட்டம் கூடினால் வழியிலேயே விழும் வோல்ட்டும் கூடும். மிச்சம்தான் கடைக்கு வரும்.

அப்படியானால் பெரிய மோட்டார் எல்லாமே அக்கம்பக்கத்தைக் கெடுக்குமா என்றால், இல்லை. லாரி ஒன்று சிமெண்ட் பாலத்தைக் கடந்தால் பாலத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அதே லாரி பலகைப் பாலத்தில் ஏறினால் எல்லாரும் கைப்பிடியைத் தேடுவார்கள். டிரான்ஸ்பார்மருக்கு அருகில், தடித்த கேபிளில் இருந்தால் இந்த 30 குதிரை மோட்டார் யாருக்கும் உறைக்காது. மாமாவின் வரிசையோ கம்பியின் கடைசியில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் தூரத்தில். பலகைப் பாலம்.

அண்ணன் அடுத்துக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. "மாமா, இது எத்தனை நாளா?" மாமா யோசித்தார். பெரிய ஆர்டர்கள் வரத் தொடங்கியதால் முந்திய ஆண்டு 15 குதிரை மோட்டாரை மாற்றி 30 குதிரை போட்டிருக்கிறார். தொல்லை தொடங்கியது அதற்குப் பிறகு. மோட்டாரை விற்றவர்கள் புதியதைப் பொருத்திவிட்டு, தொடக்கி இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் கான்டாக்டர்களை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். உள்ளே இருக்கும் டைமரை யாரும் தொடவில்லை. அது பழைய மோட்டாருக்கு வைத்த 3 நொடியிலேயே நின்றது.

மூன்று நொடியின் கதை

அந்தப் பெட்டிக்கு 'ஸ்டார் டெல்டா' என்று பெயர். தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த பெயர். மோட்டாரின் மூன்று சுருள்களையும் முதலில் நட்சத்திர வடிவில் இணைத்துத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது 400 வோல்ட்டுக்குப் பதில் 230. கம்பியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் வேகம் பிடித்ததும் டைமர் 'டெல்டா' இணைப்புக்கு மாற்றிவிடும். மலிவானது, எளியது, நூறாண்டுப் பழசு.

ஆனால் சுழற்றும் விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அரைக்கும் இயந்திரத்தின் சுத்தியல் தட்டு கனமானது. அது வேகம் பிடிக்க நேரம் வேண்டும். 3 நொடியில் மோட்டார் பாதி வேகத்தைக்கூட எட்டவில்லை. அந்த நிலையில் டெல்டாவுக்கு மாற்றினால், நேரடியாகத் தொடங்குவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. சுவர் வழியே நாங்கள் கேட்ட 'டம்' அதுதான். 220 என்பது நட்சத்திரம் வாங்கிய பங்கு. 203 என்பது அவசரப்பட்ட டைமர் வாங்கியது.

இதோடு முடியவில்லை. தீபாவளி நெருக்கத்தில் ஒருவருக்கு மிளகாய், அடுத்தவருக்கு மஞ்சள். நடுவில் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்தாக வேண்டும். மஞ்சளில் மிளகாய் கலந்தால் மாமாவின் பெயர் என்னாவது? ஒரு நாளில் முப்பது நாற்பது முறை நிறுத்தித் தொடங்குகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் வேலைப் பையன்கள் கூண்டில் பாதி மிளகாயோடு அப்படியே நிறுத்திவிட்டுப் போய், வந்து அப்படியே தொடங்குவார்கள். நிரம்பிய வயிற்றோடு ஓடச் சொன்னால் மனிதனே ஓட மாட்டான்.

எத்தனை முறை என்பது எவ்வளவு ஆழம் என்பதைப் போலவே முக்கியம். சிறு சாதனங்களுக்கான சர்வதேச விதியிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. பொதுவாக அவை ஏற்படுத்தும் சரிவு 4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் தொடங்காத சாதனமாக இருந்தால் 7 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த விதி மாமாவின் மோட்டாருக்குப் பொருந்தாது, அளவில் பெரியது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நியாயம் அச்சக ஆன்ட்டியின் நியாயம்தான்: ஒரு முறை என்றால் பொறுக்கலாம், நாற்பது முறை என்றால் மனுவில் கையெழுத்து.

நம் கண் இந்த விஷயத்தில் பொல்லாதது. வெளிச்சம் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை ஏறி இறங்கினால் கண் மிகக் கூர்மையாகப் பிடித்துவிடும். பழைய 60 வாட் குண்டு பல்பை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, அந்த வேகத்தில் மின்னழுத்தம் கால் விழுக்காடு அளவுக்கு ஆடினாலே மனிதருக்குத் தெரிகிறது. 230 வோல்ட்டில் அது முழு ஒரு வோல்ட்கூட இல்லை. இரும்பு உருக்கும் மின்வில் உலைகள், கல் உடைக்கும் ஆலைகள், மரம் அறுக்கும் ரம்பங்கள் ஆகியவை தொடங்கும்போது மட்டுமல்ல, ஓடும்போதும் இப்படி ஆட்டிக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்க இன்றும் இந்தச் சிமிட்டலை அளக்கும் கருவி, அந்தக் குண்டு பல்பையும் அதைப் பார்க்கும் மனிதக் கண்ணையும் மூளையையும் நடித்துக் காட்டும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. குண்டு பல்பு கடைகளில் இல்லாமல் போனாலும் கருவிக்குள் உயிரோடு இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. இன்றைய எல்இடி விளக்குகளில் நல்ல டிரைவர் உள்ளவை இந்த ஆட்டத்தை மறைத்துவிடும். மலிவானவை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

லயத்து விளக்கு

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. அம்மாவும் மாமாவும் வளர்ந்தது செம்பனைத் தோட்டத்தில். லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஆலையிலிருந்து வந்தது, அதுவும் மாலையில் சில மணி நேரம்தான். செம்பனை ஆலைகள் பழத்தின் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்பவை, இன்றும் அப்படித்தான். அந்தச் சிறிய ஜெனரேட்டரில் பெரிய மோட்டார் ஒன்று ஏறினால், தேசிய மின்கட்டமைப்பைப் போலத் தாங்கிக்கொள்ள அதற்குப் பலம் கிடையாது. விளக்கு மங்கும், ஜெனரேட்டரின் வேகமும் சற்றுத் தளரும், காற்றாடியும் கூடவே சோரும்.

"லைட்டு ரெண்டு தடவ மங்குனா, தாத்தா ஷிப்ட்டு ஆரம்பிச்சிருச்சுன்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் அம்மா. "மூணாவது தடவ மங்குனா எதோ அடைச்சிக்கிச்சு, வர நேரமாகும்னு பாட்டி சோத்த மூடி வச்சிருவாங்க." தெனாகா நேஷனல் 1990-இல் வந்தும், அதற்கு முந்திய எல்எல்என் என்ற பெயரை அம்மா இன்னும் விடவில்லை. கரண்ட் பில் வந்தால் இன்றும் "எல்எல்என் பில்லு" தான்.

விளக்கும் மோட்டாரும் ஒரே கம்பியில் குடித்தனம் நடத்தத் தொடங்கியது அதற்கும் வெகு முன்பு. சுழலும் காந்தப் புலத்தில் ஓடும் மோட்டாரைப் பற்றி இத்தாலியில் கலிலியோ பெராரிஸும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே 1888-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் மைக்கேல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி மூன்று பேஸ் மோட்டாரைக் கட்டினார். 1891-இல் பிராங்க்பர்ட் நகரக் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தள்ளியிருந்த லாவ்ஃபன் என்ற ஊரிலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அது சுமார் ஆயிரம் விளக்குகளை எரித்தது. கூடவே 100 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை ஓட்டி, ஒரு செயற்கை அருவிக்குத் தண்ணீர் ஏற்றியது. கூட்டம் அருவியைப் பார்த்துக் கைதட்டியிருக்கும். அந்த மோட்டார் தொடங்கிய கணத்தில் விளக்குகள் என்ன செய்தன என்று பார்த்தவர் எத்தனை பேரோ!

இன்று உலகம் பயன்படுத்தும் மின்சாரத்தில் 43 முதல் 46 விழுக்காடு மோட்டார் சார்ந்த இயந்திரங்களுக்கே போகிறது என்று சர்வதேச எரிசக்தி நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. லிப்ட், தண்ணீர்ப் பம்பு, ஏர்கோன், ஐஸ் தொழிற்சாலை எல்லாம் அதில் அடக்கம்.

பினாங்கில் இது பெரிய பணம். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதிலிருந்து சிப் தயாரிப்பு அந்த மாநிலத்தின் வயிற்றுப்பிழைப்பு. அங்கு இயந்திரம் ஒரு கணம் தடுமாறினால், பாதியில் நின்ற வேலையெல்லாம் குப்பைக்குப் போகலாம். அதனால் அந்தத் தொழிலுக்கென்றே 2000-இல் ஒரு தர விதி வந்தது. மின்னழுத்தம் பாதியாக விழுந்தாலும் 0.2 நொடிக்கு இயந்திரம் நிற்கக்கூடாது. 70 விழுக்காடாக விழுந்தால் அரை நொடிக்கு, 80 விழுக்காடாக விழுந்தால் ஒரு நொடிக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். எல்லாச் சரிவுக்கும் மோட்டார் காரணமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆழமான சரிவுகள் பெரும்பாலும் இடி மின்னலாலும், மண்வாரி கேபிளை வெட்டுவதாலும், கம்பியில் சாயும் மரத்தாலும் வருபவை. மோட்டார்கள் அங்கும் விடுவதில்லை. சரிவில் வேகம் குறைந்த மோட்டார்கள் எல்லாம், கரண்ட் நிமிரும் கணத்தில் ஒரே நேரத்தில் மீண்டும் வேகம் பிடிக்க முண்டியடிக்கும். அந்த முண்டியடிப்பே மின்னழுத்தத்தை நிமிரவிடாமல் இழுத்துப் பிடிக்கும்.

பேட்மிண்டன் ஆடுபவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். பழைய மண்டபங்களில் கூரையில் தொங்கும் மெட்டல் ஹாலைட் விளக்குகள் ஒரு சிறு சரிவில் அணைந்துவிடும். கரண்ட் உடனே திரும்பிவிட்டாலும் விளக்கு திரும்பாது. உள்ளே இருக்கும் குழாய் ஆறிய பிறகுதான் மறுபடி பிடிக்கும். மணிக்கணக்கில் வாடகை கட்டிவிட்டு இருட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பேச்சுவார்த்தை

14 நாளில் மூன்று நாள் போய்விட்டது. அண்ணன் அன்றே இரண்டு காரியம் செய்தார். கூண்டைக் காலி செய்யாமல் இயந்திரத்தை நிறுத்தக்கூடாது என்று பையன்களுக்குச் சொல்லி, சுவரிலும் எழுதி ஒட்டினார். டைமரை 10 நொடிக்கு வைத்தார். மறுபடி தொடங்கியபோது 'டம்' வெகுவாகக் குறைந்தது. எண் 214-இல் நின்று திரும்பியது. செலவு ஏதுமில்லை. ஆனால் 214 இன்னமும் எல்லைக்குக் கீழேதான். யூபிஎஸ் கத்தவில்லை, விளக்கு மங்கியது. நாளுக்கு நாற்பது முறை.

அடுத்த படி இரண்டு வழி. ஒன்று, மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றித் தொடங்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர். விலை குறைவு. ஆனால் மின்னழுத்தத்தைக் குறைத்தால் சுழற்றும் விசை அதன் வர்க்கத்தில் குறையும்: 80 விழுக்காடு வோல்ட் கொடுத்தால் 64 விழுக்காடு விசைதான் கிடைக்கும். கனத்த சுத்தியல் தட்டுக்கு அது இழுபறி. இன்னொன்று, அலைவெண்ணையே பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு போகும் இன்வெர்ட்டர். சுழலும் புலம் மெதுவாகத் தொடங்குவதால் உருளை அதைத் துரத்த வேண்டியதே இல்லை, கூடவே நடக்கும். தொடக்க மின்னோட்டம் ஓடும்போது எடுப்பதைத் தாண்டாது. விலைதான் அதிகம்.

மாமா தயங்கினார். சட்டப்படி யார் தலையில் விழும் என்ற பேச்சு வந்தது. கடை உரிமையாளர் கம்பியை மாற்றச் சொல்லி மனுப் போடலாம் என்றார். பழைய வரிசை, தூரத்து டிரான்ஸ்பார்மர், அந்த வாதத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அண்ணன் ஒரே வரியில் முடித்தார்: "மாமா, மோட்டார் உங்களோடது. கம்பி எல்லாரோடதும்." அத்தை உள்ளே போய், சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்கு மேல் மாமா பேசவில்லை.

இன்வெர்ட்டர் வந்தது. இப்போது மில் தொடங்க 15 நொடி ஆகிறது. முன்பு உறுமல், பிறகு அடி. இப்போது அடிக்குரலில் தொடங்கி, ஒரே மூச்சில் மேலே ஏறி நிற்கும் ஒரு சுருதி. நிகழ்ச்சிக்காக அதைப் பதிவு செய்யப் போனேன். ஒலிப்பதிவுக் கருவியை அங்கிருந்த பிளக்கில் செருகியதும் காதொலியில் ஒரு புதிய இரைச்சல். நம் கரண்டின் சொந்தச் சுருதி 50 ஹெர்ட்ஸ். அதை நான் தூக்கத்திலும் அடையாளம் காண்பேன். இது அதைவிடக் கூர்மையாக, வண்டு போல இருந்தது. கருவியைப் பேட்டரிக்கு மாற்றியதும் நின்றது.

அண்ணன் சிரித்தார். இன்வெர்ட்டர், கரண்டை வழுவழுப்பான அலையாக எடுப்பதில்லை. துண்டு துண்டாகக் கடித்து எடுக்கிறது. அதனால் 50-இன் மடங்குகளான 250, 350 ஹெர்ட்ஸ் என்று கம்பியில் கூடுதல் சுருதிகள் கலக்கின்றன. அவற்றுக்கு ஹார்மோனிக்ஸ் என்று பெயர். சங்கீதத்தில் அது இனிமை, கம்பியில் அது சூடு. டிரான்ஸ்பார்மரும் கம்பியும் தேவையின்றிச் சூடாகும். ஒரு தொல்லையைத் தீர்த்தால் வேறொன்று வாசலில் நிற்கிறது. இன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சோக் போட்டார். இரைச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் அடங்கியது.

பன்னிரண்டாம் நாள் மீண்டும் ஆன்ட்டி கடையில் மீட்டர். மில் தொடங்கியது. 229 இருந்த இடத்தில் 225. விளக்கு அசையவில்லை. மில் ஓடத் தொடங்கிவிட்டதா என்று ஆன்ட்டி எங்களைத்தான் கேட்டார். அன்று மாலையே அவர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார், கூட நான்கு பேரும். இரண்டு பேர் பெறவில்லை. அதில் ஒருவருக்கு அந்த ஓரக்கடையின் மீது நெடுநாளாக ஒரு கண் என்பது வரிசைக்கே தெரிந்த விஷயம். அதிகாரிகள் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு போனார்கள். மில் அங்கேதான் இருக்கிறது. மாமாவும் ஆன்ட்டியும் பேசிக்கொள்கிறார்கள், பழைய அளவுக்கு இல்லை.

உங்கள் வீட்டில்

நிகழ்ச்சி ஒலியேறிய பிறகு நேயர்கள் அனுப்பிய குரல்பதிவுகளில் பாதி, "எங்க வீட்லயும் லைட்டு மங்குது" என்பதுதான். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

உங்கள் வீட்டு ஏர்கோன் தொடங்கும்போது மட்டும் விளக்கு ஒரு கணம் துடித்தால், அது உங்கள் வீட்டு மோட்டார். இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏர்கோன்களில் கொஞ்சம் துடிப்பது இயல்பு. முன்பைவிட அதிகமாகத் துடித்தால், கம்ப்ரசரின் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், அல்லது மின்பெட்டியில் ஒரு முனை தளர்ந்திருக்கலாம். ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஏர்கோனை அணைத்துவிட்டு உடனே போடாதீர்கள், மூன்று நிமிடம் விடுங்கள். உள்ளே அழுத்தம் சமனாகும் முன் தொடங்கச் சொன்னால் கம்ப்ரசர் சுழல முடியாமல் திணறும். நின்ற மோட்டார் என்ன இழுக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

உங்கள் வீட்டில் எதுவும் தொடங்காமலேயே மங்கினால், ஒரு நோட்டில் நாளும் நேரமும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் போதும். வேலை நாளில் காலை எட்டு, மதியம் ஒன்று என்று ஒழுங்காக வந்தால் அருகில் ஒரு பெரிய மோட்டார் இருக்கிறது. மழைக்கும் காற்றுக்கும் கூடவே வந்தால் கம்பிப் பக்கம் ஏதோ இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் மங்குகிறதா என்று கேளுங்கள். புகார் செய்யும்போது "அடிக்கடி மங்குது" என்பதைவிட அந்த நோட்டின் ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம். எந்தக் கருவியை எங்கே, எந்த நேரத்தில் வைப்பது என்று வருபவருக்கு அது சொல்லிவிடும்.

ஒன்று மட்டும் வேறு ரகம். சில விளக்குகள் மங்கி, அதே நேரத்தில் வேறு சில வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் அது மோட்டார் வேலை இல்லை. நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம் அல்லது தளர்ந்திருக்கலாம். 230 வோல்ட் பிளக்கில் 400 வரைகூட ஏறக்கூடிய நிலை அது. டிவியும் ஐஸ் பெட்டியும் புகைந்துவிடும், தீயும் பிடிக்கலாம். அப்போது நோட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, 15454-க்கு அழையுங்கள்.